பழைய பாணி மாலைத் தேநீர் விருந்து: வீட்டில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அம்மாயிக்கு எண்பது வயது நிறைந்தபோது, தாத்தா இல்லாததால் சதாபிஷேகம் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் கொஞ்சம் பாயசம், அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்ன வயதிலேயே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர் அவர். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தார். அவ்வளவு காலம் அவர் பறித்த இலை யார் யார் மேசைக்கோ போனது. அந்த மாதிரி ஒரு மேசையில் ஒரு நாளாவது அவரை உட்காரவைத்து, நாம் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். துரை பங்களாவில் நடக்கும் பழைய பாணி மாலைத் தேநீர் விருந்து, குன்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில், எட்டுப் பேருக்கு நடந்தது.

அதற்குப் பிறகு தோழியின் வளைகாப்பு, அத்தையின் பணி ஓய்வு, ஒரு வெள்ளி விழாத் திருமண நாள் என்று பல தடவை நடத்திவிட்டேன். எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: விருந்தினர் வந்த பிறகு, நடத்துகிறவர் அடுப்படிக்கு ஓடக் கூடாது. டீ பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த விருந்தின் மரியாதையே அந்த ஊற்றிக் கொடுப்பதில்தான் இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொன்றும், மூன்றரை மணிக்கு உங்களை நாற்காலியில் உட்காரவைப்பதற்கான ஏற்பாடு.

முதலில், இது ஹை டீ அல்ல

நம் ஊர் ஓட்டல்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் இதை ‘ஹை டீ’ என்று போடுகிறார்கள். இங்கிலாந்தில் ஹை டீ என்பது உழைக்கும் மக்கள் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் இறைச்சி, ரொட்டியோடு வயிறு நிறையச் சாப்பிடும் மாலைச் சாப்பாடு. நாம் பேசுவது ஆஃப்டர்நூன் டீ. பெட்ஃபர்டு கோமகள் அன்னாதான் 1840-ஐ ஒட்டி இதை வழக்கமாக்கினார் என்று சொல்வார்கள். பணக்கார வீடுகளில் இரவு விருந்து எட்டு மணிக்குத் தள்ளிப்போய்விட்டதால், நாலு மணிப் பசிக்குத் தேநீரும் ரொட்டியும் அறைக்கே வரவழைத்தார். பிறகு தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார். பசியடக்கும் சிற்றுண்டியும் பேச்சும், இரண்டு மணி நேரமும். அவ்வளவுதான் இதன் அடிப்படை.

‘பழைய பாணி’ என்றால் எந்தக் காலம் என்று முன்பே முடிவு செய்யுங்கள். விக்டோரியா காலம் என்றால் வெள்ளி, சரிகை, பூப்போட்ட கோப்பைகள். 1920-கள் என்றால் நேர்கோடுகள், கறுப்பும் தங்கமும். 1940-கள் என்றால் எளிமை. போர்க்காலத்தில் இங்கிலாந்தில் 1940 ஜூலையில் தேயிலைக்கு ரேஷன் வந்தது, ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். 1952 அக்டோபர்வரை அது நீடித்தது. அந்தக் காலத்து மேசையில் மூன்று அடுக்கு கேக் இருந்திருக்காது. நான் எடுத்துக்கொண்டது மலைத்தோட்ட பங்களா பாணி: பிரம்பு நாற்காலி, வெள்ளைப் பருத்தி விரிப்பு, தோட்டத்தில் பறித்த ஹைட்ரேஞ்சியா. அம்மாயி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தது அதைத்தான். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்தக் காலம் நினைவில் இருக்கிறதோ, அதையே எடுங்கள். வாடகைக்குத் தொப்பியும் முத்துமாலையும் வாங்கி எல்லோருக்கும் மாட்டிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. போட்டோவில் நன்றாக இருக்கும்; உட்கார்ந்திருப்பவருக்கு வேஷம் கட்டிய மாதிரி இருக்கும்.

எத்தனை பேர், எத்தனை மணிக்கு

எட்டுப் பேர். இதைத் தாண்டாதீர்கள். ஒரு லிட்டர் பிடிக்கும் டீ பாட் ஒன்றிலிருந்து 160 மில்லி கோப்பை ஆறு வரும். ஆளுக்கு மூன்று கோப்பை என்றால் எட்டுப் பேருக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பாட் இருந்தால் மாற்றி மாற்றிப் போட்டு ஒரே ஆள் சமாளிக்கலாம். பதினைந்து பேர் ஆனால் உங்களுக்கு உட்கார நேரமிருக்காது, பேச்சும் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிடும். உறவினர் நிறைய என்றால் இரண்டு நாளாக நடத்துங்கள்.

மூன்றரை முதல் ஐந்தரை வரை நல்ல நேரம். நம் வீடுகளில் பெரியவர்கள் ராகு காலம் பார்ப்பார்கள். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். ஆகையால் ஞாயிறு என்றால் கேக் வெட்டுவதை நாலேகாலுக்குள் முடியுங்கள். சனிக்கிழமை மாலைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அழைக்கும்போதே ‘மத்தியானம் லேசாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வயிற்றுக்கு நாங்கள் தருகிறோம்’ என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முழுச் சாப்பாடு முடித்து வந்து, தட்டைப் பார்த்துத் தவித்துப்போவார்கள். முட்டை, சர்க்கரை, பால் விஷயமும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோப்பையும் விரிப்பும்

புதிதாக ஒரு செட் வாங்க வேண்டாம். அத்தை வீட்டில் மூன்று, பழைய சாமான் கடையில் இரண்டு, அலமாரியின் மேல்தட்டில் கல்யாணப் பரிசாக வந்து பிரிக்கப்படாமல் கிடப்பவை என்று தேடினால் எட்டுக் கோப்பை சேர்ந்துவிடும். ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதே அழகு. எந்தக் கோப்பை யாருடையது என்று குழம்பவும் வழியில்லை.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். கோப்பையை விரல் நுனியால் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். உள்ளே வண்ணப்பூச்சு தேய்ந்தோ, மேல்பூச்சு வலைபோல வெடித்தோ இருந்தால் அதில் குடிக்கக் கொடுக்காதீர்கள். பழைய பீங்கான்களின் வண்ணத்தில் ஈயம் இருந்திருக்கலாம். அவற்றில் பூ வையுங்கள். மூன்றாவது, நம் வீடுகளில் யாரும் யோசிக்காதது: போன் சைனா (bone china) என்ற பீங்கான் வகையின் பெயரிலேயே எலும்பு இருக்கிறது. களிமண்ணோடு மாட்டெலும்புச் சாம்பலைக் கலந்துதான் அதைச் செய்கிறார்கள். சாம்பல் பாதியளவுகூட இருக்கும். கடுமையான சைவம் கடைப்பிடிக்கும் விருந்தினர் இருந்தால் அவர்களுக்குச் சாதாரணப் போர்சலின் கோப்பை வையுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே நாம் தெரிந்துகொண்டு செய்வதுதான் மரியாதை.

கோப்பை தவிர வேண்டியவை: இரண்டு டீ பாட், வடிகட்டி, பால் ஜக், சர்க்கரைக் கிண்ணம், தனியாக வெந்நீர் ஜக், மிச்சத் தேநீரைக் கொட்ட ஒரு சின்னக் கிண்ணம். வெந்நீர் ஜக்கை யாரும் வைப்பதில்லை. கடுப்பமாகிவிட்ட தேநீரை மேசையிலேயே சரிசெய்ய அது ஒன்றுதான் வழி. மூன்றடுக்குத் தட்டு இல்லாவிட்டால் கவலை வேண்டாம், மூன்று தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் சரிதான்.

விரிப்புக்குப் பருத்தி. அரிசிக் கஞ்சியை நன்றாகத் தண்ணீர் விட்டு வடிகட்டி, அதில் நனைத்துப் பிழிந்து, முக்கால்வாசி காய்ந்த ஈரத்திலேயே இஸ்திரி போட்டால் மடிப்பு கத்திபோல் நிற்கும். சின்ன நாப்கின்களுக்கும் அதே கஞ்சி. பாலியெஸ்டர் விரிப்பில் தேநீர் சிந்தினால் வழுக்கிக்கொண்டு மடிக்கு வந்துவிடும், பருத்தி உறிஞ்சிக்கொள்ளும்.

தேயிலை

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கேக்கில் குறையுங்கள், தேயிலையில் குறைக்காதீர்கள். நம் வீட்டு டீக்குப் பயன்படும் டஸ்ட்டும் சிடிசி குருணையும் பாலோடு கொதிக்கவைப்பதற்கு அருமையானவை, ஆனால் டீ பாட்டுக்குள் ஊறவைத்தால் சாயமும் கடுப்பும்தான் மிஞ்சும். கேட்க வேண்டியது ‘ஆர்த்தடாக்ஸ்’, முழு இலை.

இரண்டு வகை போதும். முதல் பாட்டுக்கு மென்மையானது, பால் இல்லாமல் குடிப்பது. நீலகிரியில் டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை பனிக்காலத்தில் பறிக்கும் இலை இதற்குத் தோது. செடி மெல்ல வளர்வதால் மணம் கூடி வருகிறது. இலங்கையின் நுவரெலியா தேயிலை இன்னும் லேசு, பொன்னிறம். டார்ஜிலிங் வசந்தகாலப் பறிப்பும் நல்லது, ஆனால் கொதிக்கும் நீரை அதில் ஊற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். இரண்டாவது பாட்டுக்குப் பால் தாங்கும் இலை: அசாம், அல்லது இலங்கையின் திம்புள்ள. பெர்கமட் என்ற எலுமிச்சை வகையின் எண்ணெய் சேர்த்த ஏர்ல் கிரே இந்த விருந்துகளில் பெயர்போனது. பிடித்தவர்களுக்கு உயிர், பிடிக்காதவர்களுக்குச் சோப்பு வாசம். எட்டுப் பேரில் நாலு பேருக்காவது பழக்கம் என்றால் மட்டும் வையுங்கள்.

அம்மாயிக்காக நான் திம்புள்ள தேயிலைதான் வாங்கினேன். ஹட்டன் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. விருந்துக்கு முதல் நாள் பொட்டலத்தைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொஞ்சம் போட்டேன். முறுக்கிய இலைகளை விரலால் பிரித்துப் பார்த்தார், ஒன்றை வாயில் போட்டு மென்றார். “நல்ல கொழுந்து புள்ள. முத்தல் எல கலக்கல. ரெண்டு எல ஒரு மொட்டு பாத்துப் பறிச்சிருக்காளுக” என்றார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவர்கள் குடித்ததெல்லாம் மிச்சத் தூளில் போட்ட சாயத்தண்ணிதான், சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு.

தண்ணீரும் நேரமும்

இந்த ஒரு பகுதியை மட்டும் விருந்துக்கு முன் இரண்டு தடவை தனியாகச் செய்து பாருங்கள்.

புதுத் தண்ணீர் பிடித்து ஒரே ஒரு தடவை கொதிக்கவையுங்கள். உப்புத் தண்ணீர் ஊர் என்றால், சென்னையின் பல பகுதிகளைப் போல, கேன் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுங்கள். கடினநீரில் தேநீரின் மேல் பாசிபோல ஒரு படலம் மிதக்கும், நிறமும் மங்கிப்போகும். கொதித்ததும் கொஞ்சத்தை டீ பாட்டுக்குள் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பீங்கான் வெந்நீரின் சூட்டைக் குடித்துவிடும், அதனால்தான்.

ஒரு லிட்டருக்கு 12 கிராம் இலை, ஆறு தேக்கரண்டி அளவு. முழு இலை பெரிது, கரண்டியில் குறைவாகத்தான் நிற்கும். சின்னத் தராசு இருந்தால் நிறுத்துவிடுங்கள். தேயிலைச் சுவை பார்ப்பவர்களுக்கான சர்வதேச முறை 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம் என்கிறது. அது குறைகளைக் கண்டுபிடிப்பதற்காகக் கடுப்பமாகப் போடும் முறை, விருந்தினருக்கு அல்ல. நமக்கு மென்மையான இலைக்கு மூன்று நிமிடம், பாலுக்கான இலைக்கு நாலு.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூட விடுகிறேன். சென்னையிலிருந்து வந்த சித்தி அதே இலையை அதே அளவில் அங்கே போட்டு, கசக்கிறது என்று போன் செய்தார், காரணம் இதுதான்.

நேரம் முடிந்ததும் இலை தண்ணீரில் கிடக்கக் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் தடவை நடத்தியபோது இலையை டீ பாட்டுக்குள்ளேயே விட்டுவிட்டேன். முதல் நாலு கோப்பை நன்றாக இருந்தது. அடுத்த நாலும் கஷாயம். கடைசியாகக் கோப்பை வாங்கியவர் எங்கள் வீட்டிலேயே மூத்தவர், ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அன்றிலிருந்து ஒரு டீ பாட்டுக்குள் ஊறவைத்து, சூடேற்றிய இன்னொரு பாட்டுக்கு வடிகட்டி மாற்றித்தான் மேசைக்குக் கொண்டுவருகிறேன். மேலே பஞ்சு வைத்துத் தைத்த துணி உறை போட்டால் அரை மணி நேரம் சூடு நிற்கும்.

பால் நம் ஊரில் காய்ச்சித்தான் ஆக வேண்டும். காலையில் காய்ச்சி, ஆடையை எடுத்துவிட்டு, அறைச் சூட்டில் வையுங்கள். கொதிக்கும் பால் தேநீரின் மணத்தை மூடிவிடும். எலுமிச்சைத் துண்டும் வைக்கலாம், ஆனால் ஒரே கோப்பையில் பாலும் எலுமிச்சையும் சேர்ந்தால் திரிந்துவிடும் என்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தட்டில் என்ன

வரிசை இது: கீழ்த்தட்டில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்ற குட்டி வட்ட ரொட்டி, மேலே இனிப்பு. சாப்பிடுவது கீழிருந்து மேலாக.

வெள்ளரிக்காய் சாண்ட்விச்சில் சூட்சுமம் தண்ணீரை வெளியேற்றுவதில் இருக்கிறது. இளம் வெள்ளரியைத் தோல் சீவி, காகிதம்போல் வெட்டி, உப்பு தூவி இருபது நிமிடம் சல்லடையில் வையுங்கள், துணியில் ஒற்றியெடுங்கள். இரண்டு ரொட்டித் துண்டிலும் மென்மையான வெண்ணெயை ஓரம்வரை தடவ வேண்டும். அந்த வெண்ணெய்தான் ரொட்டி நனையாமல் காக்கும் சுவர். வெள்ளை மிளகுத்தூள் கொஞ்சம். மூடி, லேசாக அழுத்தி, அப்புறம் ஓரத்தை வெட்டி, விரல்போல மூன்று நீளத் துண்டுகளாக அறுங்கள். ஓரத்தை முதலில் வெட்டினால் வடிவம் கோணிப்போகும். ஆளுக்கு ஐந்து விரல் என்றால் எட்டுப் பேருக்கு நாற்பது, அதாவது பதினாலு சாண்ட்விச், இருபத்தெட்டு ரொட்டித் துண்டு. இரண்டு பாக்கெட் ரொட்டி வாங்குங்கள். பாதியை வெள்ளரி, மீதியைப் புதினா கொத்தமல்லிச் சட்னியோ அவித்த முட்டை மசியலோ வைத்துச் செய்யலாம். செய்ததும் ஈரத்துணி போட்டு மூடுங்கள், இல்லையென்றால் கால் மணியில் ஓரம் வறண்டு மேலே வளையும். சமவெளி வெயிலில் முட்டை சாண்ட்விச்சை மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

ஸ்கோனுக்கு: 350 கிராம் மைதா, நாலு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. இவற்றைச் சலித்து, 85 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் புட்டுமாவுபோல உதிர்த்துக் கலக்குங்கள். 175 மில்லி பாலில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஊற்றி, கத்தியால் கிளறுங்கள். பிசையாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை தானாகவே அழுத்தும்; அதை நிறுத்துவதுதான் கஷ்டம். மாவு ஒட்டிக்கொண்டு கரடுமுரடாக இருந்தால் சரியான பதம். மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, ஐந்து சென்டிமீட்டர் வட்ட அச்சால் நேராக அழுத்தி எடுங்கள். அச்சைத் திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஸ்கோன் சாய்ந்து எழும்பும். மேலே பால் தடவி, முன்பே சூடேற்றிய ஓவனில் 220 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒன்பது பத்து ஸ்கோன் வரும், முட்டையே இல்லை. வெந்த அன்றே, முடிந்தால் வெந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சாப்பிட வேண்டியது இது.

இதற்குத் துணை கிளாட்டட் கிரீம். டெவன், கார்ன்வால் பகுதிகளில் கொழுத்த பாலைப் பரந்த பாத்திரத்தில் மெல்லச் சூடாக்கி, ஆறவிட்டு, மேலே கட்டும் ஆடையை எடுப்பார்கள். கேட்டதுமே தெரிகிறதல்லவா, நம் பாலாடைதான் இது! கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கிரீம் இதற்கு ஆகாது, கொழுப்பு போதாது. எருமைப் பாலை அகலமான பாத்திரத்தில் சின்னத் தீயில் காய்ச்சி, இரவு முழுக்கக் குளிரவைத்து, காலையில் ஆடையைத் தூக்குங்கள். மூன்று நாள் சேர்த்தால் எட்டுப் பேருக்குக் கிண்ணம் நிறையும். கடையாமல் கரண்டியால் மடித்து மட்டும் விடுங்கள், கடைந்தால் வெண்ணெயாகிவிடும். டெவன்காரர்கள் முதலில் கிரீம், மேலே ஜாம் என்பார்கள். கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம். வெதுவெதுப்பான ஸ்கோனில் கிரீமை முதலில் போட்டால் உருகி ஓடுகிறது, அதனால் நான் கார்ன்வால் பக்கம். ஜாம் ஸ்ட்ராபெரி. மலையில் பிளம்ஸ் பருவமென்றால் வீட்டிலேயே காய்ச்சுங்கள்.

மேல்தட்டுக்கு விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக். ஆல்ஃபிரட் பேர்ட் 1843-இல் பேக்கிங் பவுடர் கண்டுபிடித்த பிறகுதான் இந்த மாதிரி உப்பும் கேக் வீடுகளுக்கு வந்தது. அளவு ரொம்ப எளிது: நாலு முட்டையை ஓட்டோடு நிறுத்து, அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா, கூடவே இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். இரண்டு 20 சென்டிமீட்டர் தட்டில் ஊற்றி, 180 டிகிரியில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். நடுவில் ஜாம், மேலே பொடித்த சர்க்கரை தூவல். ஐசிங் வேண்டாம். முட்டை சேர்க்காதவர்களுக்கு ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட்: மைதா மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு, சர்க்கரை ஒன்று. ஒரு வாரம் முன்பே செய்து டப்பாவில் போடலாம்.

நீலகிரியில் நடத்தினால், மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி இல்லாமல் எப்படி? 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கி, டீ பாட்டுக்குள் போட்ட தேநீரில் முக்கிச் சாப்பிடவே பிறந்தது போலிருக்கும். பங்களா மேசையில் இடமில்லை என்று சிலர் நினைப்பார்கள். எங்கள் மேசையில் மேல்தட்டிலேயே அது இருக்கும். அம்மாயியின் தட்டில் அன்று தேங்காய் ரொட்டியும் இருந்தது, கட்டைச் சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியோடு, சின்னச் சின்ன வட்டமாக. இதைத்தான் முதலில் எடுத்தார்.

எதை எப்போது செய்வது

ஒரு வாரம் முன்பு ஷார்ட்பிரெட், ஜாம், விரிப்புக்குக் கஞ்சி. மூன்று நாள் முன்பிருந்து பாலாடை சேர்ப்பது. முதல் நாள் மாலை கேக் சுட்டு, ஆறவைத்து, மூடி வையுங்கள். கோப்பைகளைக் கழுவித் துடைத்து மேசையை முழுவதுமாகப் போட்டுவிட்டு, மேலே ஒரு பழைய துணி விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். அன்று காலையில் பால் காய்ச்சி, ஸ்கோனுக்கு உலர்ந்த மாவில் வெண்ணெய் உதிர்த்துக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒன்றரைக்கு வெள்ளரி வெட்டுவது. இரண்டரைக்கு சாண்ட்விச் முடித்து ஈரத்துணி. இரண்டே முக்காலுக்குப் பாலை ஊற்றி ஸ்கோனை ஓவனில் வைப்பது. மூன்றேகாலுக்குக் குளித்து உடை மாற்றித் தயாராக இருக்க வேண்டும். ஆகையால் வீட்டில் இன்னொருவரை ஓவன் பக்கத்தில் நிறுத்துங்கள். மூன்றரைக்கு விருந்தினர். நம் ஊர் வழக்கப்படி பதினைந்து நிமிடம் தாமதமாகத்தான் வருவார்கள், அதனால் எல்லோரும் உட்கார்ந்த பிறகே தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். மின்சாரக் கெட்டிலை மேசைக்குப் பக்கத்து ஸ்டூலிலேயே வைத்துவிட்டால் எழவே வேண்டாம்.

மேசையில்

விழா நாயகருக்கு முதுகு நிமிர்ந்து உட்காரும் கையுள்ள நாற்காலி, வெளிச்சம் முகத்தில் விழும் பக்கம். கை நடுங்கும் வயது என்றால் கோப்பையை முக்கால் மட்டும் நிரப்புங்கள், காது பெரிதாக உள்ள கோப்பையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கோனை நீங்களே பிளந்து ஜாம் தடவிக் கொடுங்கள்.

முதல் கோப்பை அவருக்கு. பிறகு இடமிருந்து வலமாக, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ‘லேசாகவா கடுப்பமாகவா, பால், சர்க்கரை?’ என்று கேட்டு ஊற்றுங்கள். அந்தக் கேள்வி சம்பிரதாயமாகத் தோன்றும். ஆனால் நாற்பது வருடம் குடும்பத்துக்கே டீ போட்டுக் கொடுத்த ஒரு பெண்ணிடம், ‘உங்களுக்கு எப்படி வேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். எங்கள் அத்தைக்கு ஆனது.

மற்ற நாசூக்குகள் கொஞ்சம்தான். கலக்கும்போது கரண்டி கோப்பைச் சுவரில் இடிக்காமல் முன்னும் பின்னும் தள்ளுவது, கலக்கியதும் சாஸரில் வைப்பது. சுண்டுவிரலை நீட்டுவது மரியாதை என்று யாரோ கிளப்பிவிட்டது, தேவையில்லை. சாஸரில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் பெரியவரை யாரும் திருத்தக் கூடாது. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் குடித்தார்கள்.

வாழ்த்துப் பேச்சு, பரிசு எல்லாம் இரண்டாவது பாட் வரும் நேரத்தில். அப்போதுதான் வயிறு நிறைந்து, பேச்சு தானாகக் குறைந்திருக்கும். பழைய போட்டோக்களை ஆல்பமாக அல்லாமல் தனித்தனியாக எடுத்து ஒரு தட்டில் வைத்து மேசையைச் சுற்றி அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வரும். அம்மாயி கையில் வந்த போட்டோவில் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்ற பெண்கள். ஒவ்வொருத்தி பெயராகச் சொல்லிக்கொண்டே போனார், பதினோரு பேர். யாரும் தேநீரைத் தொடவில்லை. அந்தப் பாட் ஆறிப்போனது, மறுபடி தண்ணீர் வைத்தேன்.

எடுத்து வைப்பது

பழைய கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஸிங்க்கில் போடாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டை மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். தங்க விளிம்புக்கு ஸ்கிரப்பர் கூடாது, மைக்ரோவேவும் கூடாது. தேநீர்க் கறைக்கு ஈர விரலில் சமையல் சோடா தொட்டுத் தேய்த்தால் போதும். இரவல் வாங்கியவற்றின் அடியில் யார் வீட்டுடையது என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், திருப்பும்போது தேட வேண்டியதில்லை. கோப்பைகளுக்கு நடுவில் காகிதத் துண்டு வைத்து அடுக்குங்கள். ஊறிய இலையைத் தண்ணீர் பிழிந்து உலரவிட்டு ரோஜாச் செடிக்குப் போடுங்கள்.

அன்று இதையெல்லாம் நான் செய்துகொண்டிருந்தபோது அம்மாயி பின்னால் வந்து நின்றார். “அந்தத் தேத்தண்ணித் தூளு மிச்சம் இருக்கா புள்ள?” பொட்டலத்தில் பாதி இருந்தது. அதை வாங்கி மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.